சைலன்சர் போல்ட் மட்டும் இல்லையென்றால்

பழைய பிரஷ் கட்டர் (தோளில் மாட்டும் புல்வெட்டி) இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது, மாடல் விமானத்தில் போட்டால் சரிவருமா என்று நண்பர் கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. விமானத்தில் போட்டிருக்கும் என்னுடைய 30 சிசி பிரஷ் கட்டர் இன்ஜினில் சைலன்சர் போல்ட் ஏறும் மரை போய், புது மரை போட்டு முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பேச்சில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் கூடு எல்லாம் கழற்றுவது, ஃப்ளைவீலின் விசிறி இதழ்களை லேத்தில் கடைந்து எடுப்பது, கிராங்கில் புரொப்பெல்லர் ஹப் மாட்டுவது இதெல்லாம் தெரிந்த கதை. கடைசல்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: காந்தத்தையும், அதற்கு எதிர்ப்பக்கம் வார்த்து வைத்திருக்கும் எடையையும் தொடக்கூடாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. மாடல் விமானங்களில் வழக்கமாகப் போடும், மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜினில் எரிபொருளில் 18, 20 சதவீதம் எண்ணெய். இறங்கியதும் விமானம் முழுக்கப் பிசுக்கு, அதைத் துடைப்பதே தனி வேலை. பிரஷ் கட்டர் இன்ஜினில் 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில், ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு துணியால் ஒரு தடவை துடைத்தால் முடிந்தது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் டயாஃப்ரம் கார்புரேட்டர், அதாவது மெல்லிய சவ்வு (டயாஃப்ரம்) ஒன்று பெட்ரோலை அளந்துவிடும் வகை. வேலி ஓரம், மேடு பள்ளம் என்று எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்று செய்த சாமான் அது. கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தத்தை வைத்தே பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. அதனால் டேங்கை இன்ஜினை ஒட்டி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் இறக்கைக்குக் கீழே, சிஜி (விமானத்தின் எடை மையம்) இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டேன். பெட்ரோல் தீரத் தீர வால் கனக்கும் தொல்லை ஒழிந்தது. ஒரே ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. டயாஃப்ரம் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். புரொப்பெல்லர் காற்று நேரே அதில் அடித்தால் டயாஃப்ரம் உள்ளே அமுங்கி, பெட்ரோல் தேவைக்கு மேல் போகும். தரையில் மணிபோல ஓடிவிட்டு வானத்தில் இருமும். துளையின் மேல் சின்னப் பித்தளைக் குழாயை ஈயம் வைத்துப் பற்றி, அதிலிருந்து ஒரு டியூபை விமான உடலுக்குள் விட்டதும் இருமல் நின்றுவிட்டது.

சரி, சைலன்சருக்கு வருவோம்.

என் இன்ஜினில் அது இரண்டு நீளமான எம்5 போல்ட்டில் சிலிண்டரோடு நிற்கிறது. போல்ட்டுகள் சைலன்சர் பெட்டிக்குள்ளேயே ஊடுருவிப் போகின்றன. அதாவது போல்ட்டின் உடம்பு முழுவதும் சுடுபுகையில். நுனி பிடித்திருப்பது அலுமினிய மரை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் புகை கசியாமலிருக்க ஒரு காகித கேஸ்கெட், சில தடவை சூடேறியதும் கருகி ஒல்லியாகிவிடும். அது மயிரிழை அமுங்கினால் போதும், போல்ட்டின் இறுக்கம் போய்விடும். மீதியை அதிர்வு பார்த்துக்கொள்ளும்.

புல் வெட்டிய காலத்தில் இதே சைலன்சர் அசையவில்லையே என்றால், அங்கே ஐட்லிங்கில் கிளட்ச் பிரிந்துவிடும், சுற்றிலும் கூடு தாங்கும். இங்கே 18 அங்குல மர புரொப்பெல்லர் நேராகக் கிராங்கில். குறைந்த வேகத்தில் ஒற்றை சிலிண்டர் போடும் குலுக்கலில் விமானத்தின் வால்கூட ஆடும்.

கழலும்போது முதலில் சத்தத்தில் எதுவும் தெரியாது. சைலன்சர் சிலிண்டரோடு சேரும் ஃபிளாஞ்சின் கீழ் விளிம்பில், சிலிண்டர் துடுப்புகளின் மேல், ஈரமான கறுப்புக் கோடு ஒன்று இறங்கும். துடைத்துவிட்டு ஓட்டினால் அதே இடத்தில் மறுபடி வரும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் ஏறும். கரகரப்பு கேட்கும்போது கேஸ்கெட்டின் ஒரு ஓரம் பறந்திருக்கும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தளர்ந்து தட்டையாகிவிட்டது. நீல நிற மரைப் பசை 150 டிகிரி வரைதான், இங்கே சூடு அதற்கு மேல். ஆப்பு வடிவப் பற்களால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் வாஷர் ஜோடி பரவாயில்லை, கொஞ்ச காலம் நிம்மதி கொடுத்தது. கடைசியில் போல்ட் தலையில் துளை போட்டு முறுக்குக் கம்பி கட்டினேன். போல்ட் இம்மியும் திரும்பவில்லை. ஆனால் கம்பி தடுப்பது திரும்புவதை மட்டும்தானே, கேஸ்கெட் ஒல்லியாவதை அது எப்படித் தடுக்கும்? கட்டின கம்பி கட்டினபடி இருக்க, தளர்ந்த சைலன்சர் தட்டித் தட்டி அலுமினிய மரையைத் தின்றுவிட்டது.

இப்போது ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாக உள்ளே ஏற்றும் கம்பிச்சுருள் மரை) போட்டாயிற்று. மரை வெட்டும்போது உலோகச் சீவல் சிலிண்டருக்குள் விழக்கூடாது. பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் அதன் பக்கச் சுவரே எக்ஸாஸ்ட் வாசலை அடைத்துக்கொள்ளும். மரை வெட்டும் டேப் கருவியில் கிரீஸ் அப்பி வெட்டினால் சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி), காகிதத்துக்குப் பதில் மெல்லிய செம்புத் தகடு, மேலே முழு உலோக லாக் நட். நைலான் வளையம் வைத்த நட் அந்தச் சூட்டில் உருகிவிடும், வாங்காதீர்கள்.

நியாயமாகப் பார்த்தால் இன்ஜின் மேல் பெரிய குற்றமில்லை. சோக் போட்டு, ஒரு தடவை வெடித்ததும் சோக்கை எடுத்துப் புரொப்பெல்லரைத் தட்டினால் பிடித்துக்கொள்கிறது. ஃப்ளைவீல் காந்தத்திலிருந்தே தீப்பொறிக்கு மின்சாரம் எடுக்கும் மேக்னெட்டோ என்பதால் இக்னிஷனுக்கு பேட்டரி வேண்டாம். நிறுத்தும் வயர் மட்டும் கட்டாயம். நிஜத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள பைப்பர் கப் மாதிரி நிதானமான விமானத்தை அலட்டாமல் தூக்கும். ஆனால் புல்வெட்டியில் இதன் சக்தி ஒரு குதிரைத்திறனை ஒட்டித்தான். மாடலுக்கென்றே செய்த 30 சிசி இன்ஜின் இதைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி தரும், எடையும் குறைவு, சைலன்சரை ஒழுங்காகப் பிடிக்க இடமும் இருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்றால், ஆமாம், அப்படித்தான். என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன், அது வேறு விஷயம். இல்லை, போட்டே தீருவேன் என்றால், ஃப்ளைவீலைத் தொடுவதற்கு முன்னால் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டட்டில் நிற்கிறதா, மேலே போங்கள். நீள போல்ட்டா, முதலில் ஹெலிகாயில், அப்புறம் மற்றதெல்லாம்.