லாரி கழுவும் செட்டுக்கு 14,650 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், வண்டிக்காரர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்று காலைதான் நான் அந்த செட்டை வாங்கிய ஷாப்பிங் ஆப்பிலிருந்து "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. எதைத் தீர்த்தார்கள்? பணமும் வரவில்லை, பொருளை எடுத்துப்போக ஆளும் வரவில்லை. 14,650 ரூபாய்! அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள், ஆயுத பூஜைக்குள் கழுவுகிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு நாமக்கல் பக்கம். ஒரே ஒரு 12 சக்கர வண்டி. நானே ஓனர், நானே டிரைவர். போன எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது, கேபின் முழுவதும் புதுசாகப் பெயிண்ட் அடித்தேன். மெரூன் கலர். கதவில் ஸ்டிக்கர் ஒட்டாமல் ஆர்ட்டிஸ்ட்டை வைத்துக் கையாலேயே குலதெய்வத்தின் பெயரை எழுதினேன். வாட்டர் சர்வீஸில் விட்டால் ஒரு தடவைக்கு 900 ரூபாய், சேஸிஸுக்கு டீசல் ஸ்பிரே தனி. காசு கூடப் போகட்டும். சேஸிஸைத் துடைத்த அதே பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கேபினையும் துடைக்கிறார்கள். அதில் இருக்கிற கிரீஸும் மண்ணும் புதுப் பெயிண்டை என்ன செய்யும் என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சரி, நாமே கழுவிக்கொள்வோம், ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. "லாரி, பஸ் வாஷ் காம்போ". 200 பார் பிரஷர், நிமிஷத்துக்கு 9 லிட்டர் தண்ணீர், காப்பர் மோட்டார், 10 அடிக்கு நீளும் பிரஷ், 1200 ஜி.எஸ்.எம். (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) மைக்ரோஃபைபர் டவல் மூன்று, கண்ணாடிக்கு ரப்பர் வைப்பர், நுரை அடிக்க ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து 14,650. வீடியோவில் ஒரு டேங்கர் லாரியை அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆக்கிக் காட்டினார்கள். அதிலிருந்த நம்பருக்கு "விவரம் வேண்டும்" என்று மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

நான் விழுந்தது அந்த போனில்தான். எடுத்ததும், "அண்ணா, வண்டி எத்தனை வீலுங்க?" என்று கேட்டான். நம்ம ஊர்ப் பேச்சு. "எங்கப்பாவும் டிரைவர்தானுங்ணா, சங்ககிரியில இருபது வருஷம் வண்டி ஓட்டுனாருங்க. டிரைவர் காசுல நான் வெளையாட மாட்டனுங்ணா" என்றான். அப்புறம் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ரோட்டுச் சாப்பாடு எப்படி, மகாராஷ்டிரா பார்டரில் இப்போதும் காசு கேட்கிறார்களா, தூக்கம் சரியாக இருக்கிறதா என்று கால் மணி நேரம் விசாரித்தான். சொந்தத் தம்பி பேசுவது போல இருந்தது.

"நாளைக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூர் போகிறேன். திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் பார்சல் வந்துவிட்டால் பிரித்துப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாதே?" என்று நானே கேட்டேன். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க டிரிப் முடிச்சுட்டு நிதானமா வந்து பாருங்ணா. புடிக்கலைன்னா ரிட்டன் என் பொறுப்பு." அந்த ஒரு வார்த்தையை நம்பி, சேலத்தில் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே, அவன் அனுப்பிய ஷாப்பிங் ஆப் லிங்க்கில் 14,650 ரூபாயையும் மொத்தமாகக் கட்டினேன். முன்பணமாகக் கட்டினால்தான் அந்த விலை, பொருள் வந்ததும் காசு கொடுப்பது இதற்குக் கிடையாது என்றான். அதற்கும் சரி என்றேன்.

இந்தூர் போய்ச் சேரக்கூட இல்லை, பார்சல் வந்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன். கோழித் தீவனத்துக்கு சோயா புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது பதினோராம் நாள். மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தேன்.

மெஷினை ஒரு கையில் தூக்கியபோதே மனசுக்குள் ஏதோ பட்டது. தண்ணீர்க் குடம் அளவுக்குக்கூடக் கனமில்லை. ஸ்விட்ச் போட்டால் மிக்ஸி மாதிரி அலறுகிறது. ஹோஸ் ஐந்து மீட்டர். என் வண்டியே முப்பது அடிக்கு மேல். மெஷினை நாலு இடத்தில் நகர்த்தி வைத்துத்தான் ஒரு சுற்று வர முடிந்தது. சக்கரத்து இடுக்கில் காய்ந்திருந்த சேறு அசையவே இல்லை. அதைக் கடைசியில் குச்சியால்தான் நோண்டி எடுத்தோம்.

மெஷின் போனாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிரஷ்ஷும் டவலும் செய்த வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை. வண்டி கழுவுகிற நல்ல பிரஷ்ஷில் ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்து பஞ்சு மாதிரி இருக்கும். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தால் குத்தாது. இவர்கள் அனுப்பியது நுனியை நேராக வெட்டிய, பாத்ரூம் தரை தேய்க்கிற முடி. எனக்கு அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிளீனர் தம்பி நுரை போட்டு டிரைவர் பக்கக் கதவை நன்றாகத் தேய்த்துவிட்டான். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது பார்க்கிறேன், கதவு முழுக்கச் சிலந்தி வலை பின்னியது மாதிரி வட்ட வட்டமாகக் கோடு. சாமி பெயரின் மேலேயும் அதே கோடு. மஞ்சள் எழுத்தில் தங்கமாக இருந்த பளபளப்பு மங்கிப்போய்விட்டது. பக்கத்தில் போய் விரலால் தடவினேன். கையில் படவில்லை, கண்ணில் மட்டும் படுகிறது. கிளீனர் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்து நின்றான். அவன் மேல் என்ன தப்பு?

டவல் அதைவிட மோசம். எங்கள் ஊரில் போர் தண்ணீர், உப்பு. கழுவியவுடனே ஈரத்தை எடுக்காவிட்டால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வளையமாக நின்றுவிடும். டவல் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் குறியாக இருந்ததே அதனால்தான். இந்தத் துணியை விரித்து அதன் மேல் ஒரு கை தண்ணீர் விட்டேன். சேம்பு இலையில் உருளுவது மாதிரி உருண்டு கீழே வழிந்தது. கேபினின் ஒரு பக்கத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பக்கத்தில் வளையம் விழுந்துவிட்டது.

போன் போட்டேன். முதல் நாள், "டெக்னீசியன் கூப்பிடுவாருங்ணா" என்றான். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாள், "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மியா இருக்கும்" என்றான். பிரஷ் கீறியதற்கு வோல்டேஜ் என்ன செய்யும் என்று கேட்டேன். "நீங்க அழுத்தித் தேச்சிருப்பீங்க." மூன்றாம் நாள் 'அண்ணா'வும் போய்விட்டது, "சார், ஆப்லயே ரிட்டன் போடுங்க". ஆப்பைத் திறந்தால், டெலிவரி ஆகி ஏழு நாள் முடிந்துவிட்டது, ரிட்டன் எடுக்க முடியாது என்கிறது. "ரிட்டன் என் பொறுப்புன்னு நீதானப்பா சொன்னே?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அன்று ராத்திரி அவன் போட்டோ மறைந்துவிட்டது. என்னை பிளாக் செய்துவிட்டான்.

ஆப்காரர்களிடம் போனால், முதலில் பதில் சொல்வது மனுஷனே இல்லை. பட்டன் பட்டனாக அமுக்கி ஒரு பெண் கிடைத்தார். விற்றவரிடம் பேசுங்கள் என்றார். விற்றவன் பிளாக் செய்துவிட்டான் என்றேன். அப்படியென்றால் பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ அனுப்புங்கள் என்றார். பதினோரு நாள் ரோட்டில் கிடந்து வந்தவன் வீடியோ எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கதவின் போட்டோ, டவலின் போட்டோ, அவன் பேசிய மெசேஜ் எல்லாம் அனுப்பினேன். 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். இன்று காலை, புகார் தீர்க்கப்பட்டதாம். கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. நான் இழந்தது 14,650 ரூபாய். டீசல், டோல், டியூ எல்லாம் போக ஒரு டிரிப்பில் என் கையில் நிற்பதே அவ்வளவுதான் இருக்கும்.

நேற்று மெஷினை எடுத்துக்கொண்டு தெரிந்த பம்ப் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார்: 1600 வாட். "பார் எவ்வளவு சொன்னான், தண்ணி எவ்வளவு சொன்னான்?" என்று கேட்டு, பார் பெருக்கல் லிட்டர், அதை 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும் என்று சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார். 200ஐ 9ஆல் பெருக்கினால் 1800. 600ஆல் வகுத்தால் 3. தண்ணீரைத் தள்ளுவதற்கே மூன்று கிலோவாட் வேண்டும். 1600 வாட் மோட்டார் அதை எந்தக் காலத்திலும் தராது. வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடுகிற சின்ன மெஷினில் 200 பார் என்று எழுதியிருந்தாலே நம்பாதே என்றார்.

வீட்டுக்கு வந்து டவலையும் அதே மாதிரி பார்த்தேன். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான். டவல் 60க்கு 90 சென்டிமீட்டர். உண்மையிலேயே 1200 என்றால் ஒன்று 650 கிராம் வர வேண்டும். மளிகைக்கடைத் தராசில் போட்டால் 130 கிராம். அப்படிப் பார்த்தால் 240 ஜி.எஸ்.எம்.தான் வருகிறது. விளம்பரத்தில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. காசு கட்டுவதற்கு முன்னால் டவலின் எடையும் மோட்டாரின் வாட்டும் எவ்வளவு என்று அவனிடம் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பான். தூக்கம் சரியாக இருக்கிறதா என்று கேட்டவனிடம் இதையெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எப்படி வாங்குவது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், ராத்திரி லோடு இருக்கிறது, முடிந்ததை மட்டும் சொல்கிறேன். பிரஷ்ஷை நேரில் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். டவலில் முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஓரத்துத் தையல் தடிப்பாக இருந்தால் வேண்டாம். ரப்பர் வைப்பரைக் கண்ணாடியோடு நிறுத்துங்கள், பெயிண்டில் இழுத்தால் அடியில் சிக்கும் ஒரு மணல் போதும். சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் வைத்த துணி கேபின் பக்கமே வரக் கூடாது. ஊரில் இல்லாதபோது பார்சல் வருகிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். வாயால் சொல்கிற ரிட்டனை நம்பாதீர்கள், பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

நான் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். ஆப்காரர்கள் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரைப் போட்டிருக்க வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020இல் வந்த விதியில் இருக்கிறது. அவருக்கும் தனியாக மெயில் போயிருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. 14,650 ரூபாய்க்காக இவன் அங்கே வரைக்கும் வரமாட்டான் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த டிரிப் முடிந்து வந்ததும் போகிறேன். பிரஷ், டவல், மெஷின் மூன்றையும் கழுவாமல் அப்படியே சாக்கில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கதவையும் பாலிஷ் போடாமல் விட்டிருக்கிறேன்.