எங்கள் குடியிருப்புக்கு வந்த பரோட்டா வண்டி: நாலு ஞாயிறு பார்த்த பிறகு

மேடவாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிறு மாலை ஒரு உணவு வண்டியை உள்ளே விடுகிறோம். ஆளைப் பிடித்து வரும் வேலை சங்கத்தில் என் தலையில் விழுந்திருக்கிறது. இந்த மாதம் முழுக்க வந்தது ஒரு பரோட்டா வண்டி, குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியைச் சமையலறையாக மாற்றியது. பெயர் எழுதவில்லை. பாராட்டு மட்டும் என்றால் எழுதியிருப்பேன், குறையும் சொல்லப்போகிறேன், சின்ன வியாபாரம், எதற்கு வம்பு.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். முட்டைக் கொத்து 120 ரூபாய், கொடுக்கலாம். சால்னா நன்றாக இருக்கிறது, தேங்காயை அள்ளிப் போட்டுக் கெட்டியாக்கும் ஏமாற்று வேலை இல்லை. சிக்கன் 65 மட்டும் நாலு வாரமும் காய்ந்துபோய்த்தான் வந்தது. அவ்வளவுதான். இதைவிட நல்ல பரோட்டா வேளச்சேரியில் கிடைக்கும், ஆனால் நான் எழுத வந்தது பரோட்டாவைப் பற்றி இல்லை.

இதற்கு முன்னால் வந்த வண்டிக்காரர் ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஏழே முக்காலுக்கு வந்தார், ஜெனரேட்டரைத் தரைத்தள வீட்டு ஜன்னலுக்கு நேராக வைத்தார், வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வைத்து எரித்தார், போகும்போது பொரித்த எண்ணெயை மழைநீர் வடிகாலில் ஊற்றிவிட்டுப் போனார். எங்கள் பகுதி வடிகால் தண்ணீர் போய்ச் சேருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே இடம். அது பெரிய விஷயம், விடுங்கள். திங்கட்கிழமை காலை எண்ணெயில் வழுக்கி விழப்பார்த்த பெருக்குகிற அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? நான்தான் சொன்னேன்.

அதனால் இந்தத் தம்பி வந்தபோது கொஞ்சம் விறைப்பாகவே பேசினேன். அவரோ ஞாயிறுக்கு முன்னால் வியாழக்கிழமையே பைக்கில் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். முதல் கேள்வியே, "அக்கா, இந்தத் தரைக்குக் கீழே கார் பார்க்கிங் இருக்கா?" கீழே பேஸ்மென்ட் இருந்தால் மேலே எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்காமல் வண்டியை நிறுத்த மாட்டாராம். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை எங்கள் சங்கத்திலேயே யாரும் கேட்டதில்லை! அப்புறம் வாசல் வளைவின் உயரம் அளந்தார், வயதானவர்கள் எந்தப் பிளாக்கில் அதிகம் என்று கேட்டார். கேட்டதற்குக் காரணம் கொத்து பரோட்டா. கல்லில் அந்த இரண்டு தகடும் விழும் சத்தம் தெருமுனையில் கேட்டால் நாக்கில் எச்சில் ஊறும், படுக்கையறைக்கு வெளியே கேட்டால் தலைவலி. கல் இருக்கும் பக்கத்தை மதில் சுவரைப் பார்க்க நிறுத்தினார். ஒன்பது மணிக்கு மேல் கொத்து கிடையாது, வீச்சும் சாதா பரோட்டாவும்தான். கொத்துதான் அவருக்கு நல்ல லாபம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது டீக்கடை விஷயம். எங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு அக்கா டீ, லெமன் ஜூஸ், பஜ்ஜி போட்டு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். வண்டிகள் வரும் ஞாயிறுகளில் அவர் கடை ஈயாடும், அதற்காக என்னிடம் சண்டைக்கும் வந்திருக்கிறார், நியாயமான சண்டைதான். இந்தத் தம்பி தன் பட்டியலோடு அவரிடம் போய், "நீங்க போடுறதை நான் போட மாட்டேன்" என்று சொல்லி ரோஸ் மில்க்கையும் பஜ்ஜியையும் அடித்துவிட்டார். குடிக்க ஏதாவது கேட்டவர்களை அங்கேதான் அனுப்பினார். மூன்றாவது வாரம் அக்காவே ஒரு பெஞ்சை வண்டி பக்கம் நகர்த்திப் போட்டார்.

மற்றபடி, கேட்காமலேயே காட்டினார்: உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் 14 இலக்க எண்ணோடு கண்ணாடியில் ஒட்டியிருந்தது, 19 கிலோ வணிக சிலிண்டர், தீயணைப்பான். மின்சாரத்துக்கு எங்கள் இணைப்பில் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டி ஓடிய யூனிட்டுக்குக் காசு கொடுத்தார். வண்டிக்கு அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் விரித்து, அழுக்குத் தண்ணீரையும் எண்ணெயையும் கேனில் பிடித்துத் திருப்பி எடுத்துப்போனார். கரும்புச் சக்கைத் தட்டுதான், பிளாஸ்டிக் பூசிய தட்டெல்லாம் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை என்றாலும் எத்தனை பேர் கேட்கிறார்கள். சைவத்துக்குத் தனிக் கல் இல்லை என்பதை எழுதியே வைத்துவிட்டார். சிலர் அதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள், ஆனால் யாரும் பிறகு வந்து சண்டை போடவில்லை.

இரண்டாம் ஞாயிறு வண்டியில் பிரேக் கோளாறு. காலை எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது, தன் நண்பர் ஒருவரின் வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்டு. அந்த வண்டி வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம், அவர் மாலையில் எப்படியோ சரிசெய்து அரை மணி தாமதமாக வந்து சேர்ந்தார். கடையை எடுத்துவைக்கும் முன் இரவுக் காவலர்கள் இருவருக்கும் பார்சல். சங்கத்துக்காரர்கள் காசு கொடுத்துதான் சாப்பிட்டோம், அதுவும் சரிதான்.

இப்போது குறை. பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் அந்த ஸ்பீக்கர் பெட்டி. முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார். "முந்நூற்று அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று மூன்றாம் மாடி வரை கேட்கிறது. டயட்டில் இருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு திரியும் சி பிளாக் சார் எத்தனை தடவை வந்தார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கொத்துச் சத்தத்துக்கு அவ்வளவு யோசித்தவருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று புரியவில்லை. இன்னொன்று, சில ஞாயிறு எட்டரைக்கே மாவு தீர்ந்துவிடுகிறது. 220 வீடு என்று முதலிலேயே சொல்லியிருந்தேன், வரிசையில் இருபது நிமிடம் நின்ற பிள்ளைகள் வெறும் ஆம்லெட்டோடு திரும்பியதும் நடந்தது.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை, நடந்துகொண்ட விதத்துக்கு நாலரை. அடுத்த மாதமும் இவரையே கூப்பிட்டிருக்கிறோம். இருபது கிலோ மாவு கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லியாயிற்று, பெட்டியின் சத்தத்தை நானே போய்க் குறைத்துவிடுவேன்.