மாநிலம் மாறும் ஆசிரியருக்கு எந்த வழி நல்லது?

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் தருவது அந்தந்த மாநிலம்தான். கான்சாஸில் பத்து வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர் ஒரேகானுக்குக் குடிபோனால், அங்கே வேறு உரிமம் வாங்க வேண்டும். ஆசிரியர் கிடைக்காமல் பள்ளிகள் தவிக்கும்போது இந்த அலைச்சலைக் குறைக்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

பழைய வழி நாஸ்டெக் ஒப்பந்தம்; மாநில ஆசிரியர் உரிமத் துறைகளின் சங்கமான நாஸ்டெக் (NASDTEC) நடத்துவது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இதில் உண்டு. ஆனால் யாருடைய உரிமத்தை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. அதனால், வேலையில் சேர்ந்த பிறகும் கூடுதல் தேர்வு, கூடுதல் பாடம் என்று நீளலாம்.

இரண்டாவது, ஆசிரியர் இடமாற்றக் கூட்டு ஒப்பந்தம். கொலராடோ, ஒரேகான், கான்சாஸ், புளோரிடா உள்ளிட்ட 10 மாநிலங்கள் சேர்ந்ததும் 2023-இல் உயிர்பெற்றது. இளநிலைப் பட்டம், மாநிலம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சி, நிபந்தனையில்லாத முழு உரிமம் இருந்தால் போதும். புது மாநிலம் பின்னணிச் சோதனை செய்துவிட்டு, தன்னிடமுள்ள நிகரான உரிமத்தைத் தர வேண்டும். அடிக்கடி ஊர் மாறும் ராணுவக் குடும்பங்களுக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. செவிலியர் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரே உரிமம் சேர்ந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் செல்லும்; இங்கே அப்படி இல்லை, மறுபடி விண்ணப்பிக்கத்தான் வேண்டும். புதுப்பிக்கும்போது அந்த மாநிலம் தன் தேர்வுகளைக் கேட்கவும் முடியும்.

மூன்றாவது, ஒரு மாநிலம் தானாகவே கதவைத் திறந்துவிடுவது. புளோரிடா இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே, வெளிமாநிலத்தின் செல்லுபடியாகும் முழு உரிமத்தை வைத்துத் தன் உரிமத்தைத் தந்துவந்தது. வேகமான வழிதான், ஆனால் ஒருவழிப் பாதை. அங்கிருந்து வெளியே போகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

என் ஓட்டு கூட்டு ஒப்பந்தத்துக்கு. உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் இருவரையும் அது ஒன்றாகவே நடத்துகிறது. ஆசிரியர் கல்லூரியில் படித்த பாடங்களைப் புது மாநிலம் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்ப்பதையும் நிறுத்துகிறது.

சரி, இதனால் பற்றாக்குறை தீருமா? சிறப்புக் கல்விக்கும் கணக்குக்கும் பெரும்பாலான மாநிலங்களில் ஆள் தேவை. ஓரிடத்திலிருந்து ஒருவரை எடுத்தால் அங்கே காலியிடம் விழும். உரிமத்தைவிடப் பெரிய தடை ஓய்வூதியம். இல்லினாயில் 2011 முதல் சேர்ந்தவர்களுக்கு 10 வருடப் பணி முடிந்தால்தான் ஓய்வூதிய உரிமை. எட்டாவது வருடத்தில் கிளம்ப யாருக்கு மனம் வரும்? போதாததற்கு, வெளியே வேலை பார்த்த வருடங்களில் சிலவற்றை மட்டுமே சம்பளத்துக்குக் கணக்கில் எடுக்கும் பள்ளி மாவட்டங்களும் உண்டு. வெளிமாநில ஆசிரியர்களை வரவழைக்க நினைக்கும் மாநிலம், அவர்களுடைய முழு அனுபவத்துக்கும் சம்பளம் தர வேண்டும்.