திறப்பு கடலுக்குப் போய்விட்டது

தலை நிறைய ஷாம்பூ நுரை. காலை ஐந்தேகால் மணி. குழாய் இரண்டு முறை செருமியது. பிறகு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஊரில் நின்ற பன்னிரண்டு நாளில் எவ்வளவோ நடந்தன. கனடாவின் ஸ்காபரோவுக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகியும் என் காதில் நிற்பது அந்தச் செருமல்தான்.

விமானம், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ், நெல்லியடியில் பிடித்த ஓட்டோ எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றில் எழுத ஒன்றுமில்லை. நாங்கள் தங்கியது யாழ்ப்பாணத்து வடகரையில் பொலிகண்டியில், வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் கரையோர வீதியில், ஒரு மாடிவீட்டின் மேல்தளம். இரண்டு அறை, குளிரூட்டி, சமையலறை, கடலைப் பார்த்த விறாந்தை. நாளுக்கு 15,000 ரூபாய். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 70 டொலர். வீட்டுக்காரர் பாரிஸில் இருக்கிறார். காசும் பாரிஸுக்குத்தான் போனது. பொலிகண்டியில் படுத்து எழும்ப பாரிஸில் வாடகை கட்டுவது இப்போது யாருக்கும் புதினமாகத் தெரிவதில்லை.

எனக்கு ஊர் உடுப்பிட்டி. அங்கிருந்து இந்தக் கரை சைக்கிளில் கொஞ்ச நேரத் தூரம். எங்கள் வீடு கைமாறிப் பல வருடமாகிவிட்டது. சித்தி வீட்டில் நிற்கலாம். ஆனால் பதினாறு வயது மகனை வைத்துக்கொண்டு, "பிள்ளை ஏன் ஒன்றும் சாப்பிடுகிறான் இல்லை?" என்ற கேள்விக்கு மூன்று நேரமும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கடற்கரை வீடு. சித்தி இன்னும் கோபம்.

படத்தில் காட்டியதெல்லாம் உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விறாந்தையில் இருந்தால், தூரத்தில் முருகைக்கல் பாரில் அலை உடைவது வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆகஸ்ட் மாதம், சோளகக் காற்று தரைப்பக்கமிருந்து வீச, கடல் குளம்போலக் கிடந்தது. மார்கழி வாடையில் இந்தக் கரையைப் பார்த்தவர்களுக்கு அதன் மற்ற முகம் தெரியும்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போவதாக நேர்த்தி. தலை முழுகப் போன இடத்தில்தான் குழாய் செருமியது.

துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு பாரிஸுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். அங்கே அப்போது இரவு ஒன்றே முக்கால். பதில் உடனே வந்தது, பாவம், மனிதர் தூங்குவதே இல்லைப் போலிருக்கிறது. "கீழே ஆள் நிற்கிறார், கேளுங்கள்." கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படியிறங்கிக் கீழே போனேன். படிக்குக் கீழே கம்பிக்கூட்டுக்குள் தண்ணீர் மோட்டர். கூட்டில் என் உள்ளங்கை அளவு ஆமைப்பூட்டு.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் குடும்பம் பின்பக்கத்து அறைகளில் இருக்கிறது. அவருடைய மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, மோட்டர்த் திறப்பு எங்கே?"

"அவருடைய அரைநாண் கயிற்றில் இருக்கிறது, அக்கா."

"அவர் எங்கே?"

அந்தப் பிள்ளை நாடியை உயர்த்திக் கடலைக் காட்டினார். இருட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு படகு விளக்குகள், சிந்திய பொரிபோல. அவற்றில் ஏதோ ஒன்றுக்குக் கீழே, ஒரு மனிதரின் இடுப்பில், என் குளியல் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்ற வருடம் இதே மாதம் கனடாவில் வசாகா ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்திருந்தோம். அங்கே ஒரு மனித முகத்தையும் நாங்கள் காணவில்லை. நாலு இலக்கம் குறுஞ்செய்தியில் வந்தது, கதவில் அடித்தோம், திறந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த விதிகள் இருபத்தேழு. போத்தலைக் கழுவாமல் மீள்சுழற்சிக்கான நீலப் பெட்டியில் போட்டதற்கு 50 டொலர் பிடித்தார்கள். ஆனால் குழாயைத் திருப்பினால் தண்ணீர் வந்தது. எப்படி வராது? வாசலில் கடல்போலக் கிடப்பது முழுவதும் நல்ல தண்ணீர் அல்லவா! இங்கேயோ, அடுத்த ஊர் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போயிருக்கிறது. அவ்வளவு தூரம் கப்பல் விட்ட கரையில் ஒரு மாடிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லையா என்று அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கிணற்றடிக்கு வாருங்கள், அக்கா" என்றார் அந்தப் பிள்ளை.

குறுக்குக்கட்டுக்கு அவருடைய சீத்தைத் துணி ஒன்று தந்தார். துலா இல்லை; கப்பியும் கயிறும் பிளாஸ்டிக் வாளியும். நான் 1988-இல் ஊரை விட்டவள். அதற்குப் பிறகு கிணற்றில் அள்ளியதில்லை. வாளியை விட்டேன், அது தண்ணீரில் மல்லாந்து மிதந்தது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டிக் கவிழ்க்க வேண்டும் என்பது கைக்கு மறந்துபோயிருந்தது. மூன்றாம் முறை அரைவாளி வந்தது. அதுவும் வரும் வழியில் பாதி சிந்தியது. அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை வாங்கினார். என்னைக் குந்தச் சொல்லி, தலையில் வாளி வாளியாக ஊற்றினார். தண்ணீர் சாடையான உவர். நுரை போனது, பிசுபிசுப்பு முழுவதும் போகவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து அப்பாச்சி ஆட்கள் இந்தக் கரைக்கு மீன் வாங்க வருவார்கள். என்ன வெயிலென்றாலும் சாதி பார்த்து இங்கே ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அதே அப்பாச்சி வெள்ளி தவறாமல் சந்நிதிக்குப் போய், கதிர்காமர் என்ற மீனவரின் வழிவந்தவர்கள் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்ய, கண்ணீர் விட்டுக் கும்பிடுவார். இது எப்படி என்று சிறுமியாக இருந்தபோது நான் கேட்டதில்லை. தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோதுதான் கேள்வி வந்தது. கேட்க அப்பாச்சி இல்லை.

நடுவில் அறைக்குள் தொலைபேசி அடித்தது. அந்தப் பிள்ளையின் கணவர் விட்டுப்போனது. அந்தப் பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். பாரிஸ். "மேல்மாடி அம்மாவுக்குத் தண்ணீர் வரவில்லையாம், கொஞ்சம் என்னவென்று பார்." மேல்மாடி அம்மா சொட்டச் சொட்ட இரண்டு முழத் தூரத்தில் குந்தியிருந்தேன். 8,000 கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்த என் முறைப்பாட்டை நானே கேட்டேன். "அக்கா இங்கேதான் நிற்கிறா, அண்ணை" என்றார் அவர். இப்போது இருவரும் சிரித்தோம். எனக்குக் கோபம் போகவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எட்டரைக்குப் படகு கரை தட்டியது. சுங்க அதிகாரிபோல நான் போய் நின்றேன். கொஞ்சம் ஒட்டி மீன், கொஞ்சம் கணவாய். ஏலம் கூறி முடியும்வரை யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவர் வந்து, சாரத்தை விலக்கி அரைநாணிலிருந்து திறப்பை அவிழ்த்து, "பிழைதான் அக்கா" என்றார். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பேச்சு அரைவாசியில் நின்றது.

முதல்நாள் பின்னேரம் தாங்கியை நிரப்பிவிட்டுத்தான் போனாராம். நாலு பேருக்கு அடுத்த இரவுவரை காணும் தண்ணீர். "தம்பி இரவு இரண்டு முறை குளித்தார் போல. கீழே கேட்டது" என்றார் மெதுவாக. மகன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். எங்கள் வீட்டில் அவனுடைய ஒரு குளியல் நாற்பது நிமிடம்.

மோட்டரை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்டேன். முந்திய வருடம் தங்கியவர்கள் (லண்டன்காரர்கள், அதைக் கேட்டு எனக்கு ஓர் அற்ப ஆறுதல்) இரவு முழுக்க மோட்டரை ஓடவிட்டுத் தூங்கிவிட்டார்களாம். தாங்கி வழிந்தோட, கிணறு உவராகிப்போனது. மாரி மழைவரை அந்தப் பிள்ளை கோயில் கிணற்றிலிருந்து குடம் சுமந்திருக்கிறார். மேலே தங்குபவர்களுக்குக் குடிநீர் போத்தலில் வரும். கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கிணறுதான் சோறும் தேத்தண்ணீரும்.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். கடற்கரைக் கிணறுகளில் அந்தப் படை இன்னும் மெல்லியது. இதைப் பள்ளியில் படித்து, சோதனையில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியவள் நான்.

இருந்தாலும் என் நியாயத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டி வீட்டில் வைத்தால் என்ன? அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இந்த யோசனை பாரிஸிலும் வரவில்லை, பொலிகண்டியிலும் வரவில்லை. அன்றே நான் நெல்லியடிக்குப் போய் வெட்டுவித்தேன். திறப்புக்கு 250 ரூபாய். ஓட்டோவுக்கு 2,000. பாரிஸிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது, காசு வரவில்லை. அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை கொடுத்தனுப்பிய ஒட்டிச் சொதிக்கு அவர்களும் காசு வாங்கவில்லை. அப்படி ஒரு சொதியை ஸ்காபரோவில் எந்தக் கடையிலும் நான் சாப்பிட்டதில்லை. அங்கே ஒட்டி வந்து சேரும்போது அதற்கு என் வயது ஆகியிருக்கும்.

சந்நிதிக்கு அடுத்த வெள்ளிதான் போனேன். அதுவரை மகன் குளிக்கப் போனால் கணவர் வாசலில் மணிக்கூட்டோடு நின்றார்.

புறப்படும் நாள் காலை, பெட்டிகளை இறக்க வந்தவர் கேட்டார்: "அக்கா, கனடாவில் இலக்கம் அடித்தால் திறக்கும் பூட்டு என்றீர்களே, அது உப்புக் காற்றுக்கு எத்தனை நாள் நிற்கும்?" எனக்குத் தெரியவில்லை. படலையடிக்குக் கூட்டிப்போய், வீட்டுக்காரர் பாரிஸிலிருந்து அனுப்பிய அழைப்பு மணியைக் காட்டினார். ஆணிகள் துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. "ஆறு மாதம்" என்றார். பிறகு நான் வெட்டுவித்த திறப்பைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து, அடுப்படி நிலையில் அடித்திருந்த ஆணியில் கொழுவிவிட்டு, பெட்டியைத் தூக்கினார்.