புது காலிப்பர் என்று பணம் வாங்கிவிட்டு, பெயிண்ட் அடித்த பழசை மாட்டிவிட்டார்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாகத் தாம்பரம் பக்கம் பிரேக் வேலைக்கு விடுகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 2009 மாடல் ஸ்விஃப்ட். முன்பக்க இடது காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஜாம் ஆகிவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசும். வண்டி இடது பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே அந்த வீலில் மட்டும் கருகல் வாடை. இதற்கெல்லாம் பல நேரம் காலிப்பரையே மாற்ற வேண்டியதில்லை. ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, பிஸ்டன் ரப்பர் கிட்டை மாற்றினாலே சரியாகிவிடும். என் வண்டியில் பிஸ்டனே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. கழற்றிக் காட்டினார்கள். அதுவரை அவர்கள் சொன்னது நியாயம்தான்.

"புது காலிப்பர் சார், கம்பெனி ஐட்டம். லேபரோட 7,500" என்றார் ஓனர். வேலை முடிந்ததும் பழையதைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு." புதுசு வந்த பெட்டி? "குப்பைல போயிருக்கும் சார்." பில்? "ஜிஎஸ்டி பில்லுன்னா தனியா ஆகும்."

வீடு வருவதற்குள்ளேயே பெடல் உள்ளே உள்ளே போனது. இரண்டு மிதி மிதித்தால்தான் வண்டி நின்றது. திரும்பப் போய்ச் சொன்னால், "புது பேட் செட் ஆகணும் சார், ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்கிறார். புது பேட் படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், உண்மை. அதற்காகப் பெடல் தரையைத் தொடுமா? லைனில் காற்று இருக்க வேண்டும், அல்லது எங்கேயாவது ஆயில் கசிய வேண்டும். இந்த நிலையில் வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்வதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். வீலைக் கழற்றியதும் மனிதர் சிரித்துவிட்டார். ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே பார்த்தபடி இருந்தது. அது மேலேதான் இருக்க வேண்டும். காற்று மேலே போய் நிற்கும். கீழிருந்து எத்தனை முறை பிளீட் செய்தாலும், அதாவது ஏர் எடுத்தாலும், ஆயில்தான் வரும். வலது பக்கக் காலிப்பரைக் கொண்டுவந்து இடது பக்கம் மாட்டியிருக்கிறார்கள்!

அதுவும் புதுசு இல்லை. பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். ஆயில் சிந்திய இடத்திலெல்லாம் அந்த வெள்ளி நிற ஸ்ப்ரே பெயிண்ட் சுருங்கி உரிந்து, அடியில் துரு தெரிந்தது. புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் வாங்குவதில் தப்பே இல்லை. பழசு என்று சொல்லி, பழசு விலைக்குத் தந்தால் வேண்டுமா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்வேன். (பிரேக்குக்கு வேண்டாம் என்றிருப்பேன்.)

நீங்கள் விடும்போது, கழற்றிய பழைய பார்ட் உங்களுக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வீல் மாட்டும் முன் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். ஜிபேயில் அனுப்பிய விவரம், உரிந்த காலிப்பரின் போட்டோ எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.