ஆபீஸ் மெயிலுக்கு பிக்சார்காரங்க பாடம் - கான் அகாடமி ஃப்ரீ கோர்ஸ் எப்படி?

கம்யூனிகேஷன் ட்ரெயினிங்னு ஆயிரக்கணக்குல காச கொட்டறதுக்கு முன்னாடி கான் அகாடமிங்கிற இலவச ஆன்லைன் பாட சைட்ல, அனிமேஷன் படம் எடுக்கிற பிக்சார் கம்பெனியோட "பிக்சார் இன் எ பாக்ஸ்" பக்கம் போய் பாருங்க, அதுல "தி ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லிங்"னு ஒரு பார்ட், 2017ல வந்தது, பைசா செலவில்ல. படம் பண்றவங்களுக்குனு தான் எடுத்திருக்காங்க, ஆனா ஆர்சிஏ மெயில் (கோளாறுக்கு மூல காரணம் என்னன்னு எழுதுறது), ரிவ்யூ மீட்டிங்னு மண்டைய உடைச்சிக்கிற ஆளுங்களுக்கும் சரக்கு இருக்கு. குட்டி குட்டி வீடியோ, பிக்சார் டைரக்டருங்களே வந்து பேசுறாங்க, நடுநடுவுல எக்ஸர்சைஸ்.

மூணாவது பாடம் தான் மேட்டர். அதுல ஸ்டோரி ஸ்பைன்னு ஒன்னு வரும், கென் ஆடம்ஸ்னு ஸ்கிரிப்ட் இல்லாம மேடையில நடிக்கிற நாடகக்காரர் உருவாக்குனது. ஒரு ஊர்ல, தினமும், ஒரு நாள், அதனால, அதனால, கடைசியில... அவ்ளோதான்.

இப்ப நம்ம வழக்கமான மெயில பாருங்க. "டிஸ்க் ஃபுல், சர்வீஸ் டவுன், லாக் கிளியர்டு, இஷ்யூ ரிசால்வ்டு." படிக்கிறவருக்கு என்ன புரியும்? அதையே இப்படி எழுதுங்க: தினமும் ராத்திரி பில்லிங் ஜாப் ஓடும், புது ரிலீஸ்ல டீபக் லாகிங் (தப்பு கண்டுபிடிக்க ஒவ்வொரு அடியையும் ஃபைல்ல பதிவு பண்றது) ஆன்லயே போயிடுச்சு, அதனால லாக் ஃபைல் மடமடன்னு வளர்ந்துச்சு, அதனால டிஸ்க் ரொம்பி ஜாப் பாதியில நின்னுச்சு, அதனால காலைல கஸ்டமருக்கு பில் போகல. ரிலீஸ் செக்லிஸ்ட்ல இத ஏன் பாக்கலன்னு அடுத்த கேள்வி தானா வரும். ஒரு எடத்துல "அதனால" ஒட்டலன்னா அங்க காரணம் நமக்கே தெரியலன்னு அர்த்தம், திரும்ப லாக நோண்ட வேண்டியது தான். அமேசான்ல 2004ல அத ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ் பவர்பாயிண்ட தூக்கிட்டு கோர்வையா மெமோ எழுத வெச்சதும் இதுக்குத்தான், புல்லட் பாயிண்ட்ல இந்த ஓட்டைய ஈஸியா மறைச்சிடலாம்.

ரெண்டாவது பாடத்துல கேரக்டருக்கு என்ன வேணும், கிடைக்கலன்னா என்ன போகும்னு பேசுறாங்க. பட்ஜெட் கேக்க போறவங்க கட்டாயம் பாக்கணும், "சர்வர் பழசாயிடுச்சு சார்"னா யாரும் பணம் தர மாட்டாங்க, மாத்தலன்னா என்ன போகும்னு சொல்லணும்.

விஷுவல் லாங்குவேஜ், ஃபிலிம் கிராமர் பாடமெல்லாம் கேமரா, ஷாட் சமாச்சாரம், ஆசை இருந்தா பாருங்க.

ஒரு விஷயம் மட்டும் அப்படியே ஆபீசுக்கு எடுத்துட்டு போயிடாதீங்க. சினிமால கிளைமாக்ஸ் கடைசில வரலாம், மேனேஜருக்கு மொத வரிலயே வரணும், "பில் போச்சா இல்லையா"ன்னு அவர் தவிச்சிட்டு இருக்கப்ப நாம ஒரு ஊர்லன்னு ஆரம்பிச்சா கடுப்பாயிடுவார், முடிவ மேல போட்டுட்டு கதைய கீழ எழுதுங்க. கோர்ஸ்ல இது கிடையாது, அவங்க சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல.

இங்கிலீஷ் தான், சப்டைட்டில் போட்டா சமாளிக்கலாம். என் கணக்குல அஞ்சுக்கு நாலு. கடைசி பாடம் பிட்ச்சிங், ஃபீட்பேக் பத்தி, டீம் லீடா இருக்கிறவங்க அத விட்ராதீங்க.