6000 வேக டிடிஆர்5 ரேம்: எக்ஸ்போ போட்டதும் கிராஷ் ஆனால் எங்கே பார்ப்பது

இங்கே பேசப்போவது பி650 போர்டு, ரைசன் 7000 வரிசை சிபியு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட டிடிஆர்5-6000 சிஎல்30 கிட் என்ற கூட்டணியைப் பற்றி. (சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுக்கும் காத்திருப்பு; எண் குறைந்தால் காத்திருப்பும் குறையும்.) நிறையப் பேர் வாங்கும் கூட்டணி இது. எக்ஸ்போ என்பது ரேமில் பதிந்திருக்கும் கூடுதல் வேக அமைப்பை பயாஸில் ஒரே தேர்வில் போடும் வசதி. அது இல்லாமல் 4800-இல் மாதக்கணக்கில் அசையாமல் ஓடும். எக்ஸ்போ போட்ட பிறகு, சில சமயம் பல வாரம் கழித்து, நீலத்திரை தலைகாட்டும்.

பெட்டியில் உள்ள 6000 என்ற எண் ரேம் சிப்புக்குக் கொடுத்த உறுதி. சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே வேறு: ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு ஸ்டிக் என்றால் 3600. அதற்கு மேல் எல்லாமே ஓவர்கிளாக்தான். அதனால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன், தடுமாறுவது ரேமா, கன்ட்ரோலரா, போர்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள் ஒரே மாதிரி வராது. மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் என்று நீலத்திரையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் ரேம் பக்கம் சந்தேகப்படலாம். பிரவுசர் டேப் தானாகச் சாவது, பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி எரர் (தரவு சரிபார்ப்புப் பிழை) வந்து, அதே ஃபைல் அடுத்த முறை ஒழுங்காக விரிவது, இவை இன்னும் நல்ல தடயங்கள். டிடிஆர்5-இல் ஆன்-டை இசிசி இருக்கிறதே என்று கேட்கலாம். அது சிப்புக்குள் புரளும் பிட்டைத்தான் திருத்தும். ஸ்டிக்குக்கும் சிபியுவுக்கும் இடைப்பட்ட வழியில் கெடும் தரவு அதன் கண்ணில் படாது.

முதல் வேலை, எக்ஸ்போவை அணைத்துவிட்டு அதே கேம், அதே வேலையை இரண்டு மூன்று நாள் ஓட்டுவது. அப்போதும் விழுந்தால் ஸ்டிக்கை ஒவ்வொன்றாக ஏ2 ஸ்லாட்டில் போட்டு சோதியுங்கள். இரண்டு ஸ்டிக்குக்கு உரிய இடம் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். கூலர் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தால் சாக்கெட் பின்களின் தொடர்பு சரியாக இருக்காது, மெமரி சேனல் தடுமாறும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

அடுத்து பயாஸ், அதாவது போர்டின் அடிப்படை மென்பொருள். ஏஎம்5 (ரைசன் 7000 உட்காரும் சாக்கெட்) போர்டுகளில் மெமரி டிரெய்னிங், அதாவது ரேமோடு பேச ஏற்ற அமைப்புகளை பூட்டின்போது தேடிப்பிடிப்பது, பயாஸ் அப்டேட்டுகளால் நிறையவே தேறியிருக்கிறது. அப்டேட் செய்ததும் முதல் பூட்டில் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். அது டிரெய்னிங் நடக்கும் நேரம், பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்த வந்ததுதான் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்: ஒருமுறை கிடைத்த டிரெய்னிங் மதிப்புகளைச் சேமித்து வைத்து ஒவ்வொரு பூட்டிலும் அதையே போடும். இது ஆனாகவும், பவர் டவுன் எனேபிள் (ரேம் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு) ஆஃபாகவும் இருந்தால் நீலத்திரைக்கு வழி திறந்த மாதிரி. இரண்டையும் ஆன் செய்யுங்கள், அல்லது இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். காரணம் புரியாத கிராஷ்களில் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு சோதனை. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் போதாது. விண்டோஸுக்கு வெளியே ஓடும் மெம்டெஸ்ட்86-இல் நான்கு சுற்று ஓட்டுங்கள், அதன்பின் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை, கடைசியில் சிபியுவையும் ரேமையும் சேர்த்து வாட்டும் ஒய்-க்ரஞ்சர். எரர் எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் சில நிமிடத்திலேயே வந்தால் டைமிங் அல்லது வோல்டேஜ். அரை மணி தாண்டி வந்தால் சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஸ்டிக்கின் வெப்பநிலை தெரியும், 55 டிகிரியைத் தாண்டினால் ஒரு ஃபேனை ரேம் பக்கம் திருப்பிப் பாருங்கள். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். கேமில் அதன் சூடான காற்று நேராக ரேம் மேல்தான் போகும். டெஸ்ட் பாஸாகி கேம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். டெஸ்ட்மெம்5 பாஸாகி ஒய்-க்ரஞ்சர் விழுந்தால் கன்ட்ரோலரையோ எஃப்கிளாக்கையோ (சிபியுவின் உள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதையின் வேகம்) பாருங்கள். எஃப்கிளாக் 2000-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

வோல்டேஜில் கை வைக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் பக்கம் போகும் மின்னழுத்தம்) ஆட்டோவில் இருந்தால் 1.25 வோல்ட்டில் நிறுத்துங்கள். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிய பிறகு ஏஎம்டி 1.3-ஐ உச்சவரம்பாக்கியது, அதை நெருங்க வேண்டிய தேவையே இல்லை. ரேமின் விடிடி (ரேம் சிப்புக்கான மின்னழுத்தம், VDD) 1.35-இலிருந்து 1.38 வரை போய்ப் பார்க்கலாம்.

அதற்கும் அடங்காவிட்டால், டைமிங்கைத் தொடாமல் வேகத்தை மட்டும் 5600-க்கு இறக்குங்கள். எரர் நின்றால் கன்ட்ரோலரோ போர்டோ 6000-ஐத் தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். வேகத்தை 6000-இலேயே வைத்து சிஎல்லை 36-ஆகத் தளர்த்தியதும் நின்றால் சந்தேகம் சிப் மேல் திரும்பும். 5600-இலேயே நிரந்தரமாக இருந்துவிடுவதில் இழப்பு குறைவு. 6000 சிஎல்30 என்றால் காத்திருப்பு 10 நானோசெகண்ட், 5600 சிஎல்30 என்றால் 10.7. ஒரே சிசிடி (கோர்கள் இருக்கும் சிப்) உள்ள 7600, 7700 போன்றவற்றில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 64 ஜிபிதான் ரீட் செய்ய விடும். 6000-இல் ரேம் 96 ஜிபி கொடுத்தாலும் அந்த வாசலில் நின்றுவிடும்.

64 ஜிபி ரேம் வேண்டுமென்றால் இன்னொரு கிட் வாங்கிச் சேர்க்காதீர்கள். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றில் ஹைனிக்ஸ் சிப், இன்னொன்றில் வேறு சிப் இருக்கலாம். 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே கிட்டே நல்லது.

எரர் நின்ற பிறகு விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள், கிராஷ் நாட்களில் எழுதப்பட்ட ஃபைல்கள் கெட்டிருக்கக்கூடும். 4800-இலும் எரர் கொடுக்கும் ஸ்டிக்கை வாரண்டிக்கு அனுப்பும்போது இரண்டையும் சேர்த்து, கிட்டாகவே அனுப்புங்கள்.